பெயர் கேட்காமல் விட்ட முகங்கள்

சிங்கப்பூரின் ஃபேரர் பார்க் வட்டாரத்தில் தலைமுறைகளாக வாழ்ந்த, இன்னும் வாழும் தமிழ்க் குடும்பங்களாகிய நாம், நம் பழைய படங்களைக் காப்பாற்றத் தவறிவிட்டோம். சுற்றி வளைக்காமல் இதை ஒப்புக்கொண்டே தொடங்க வேண்டும். தீயோ வெள்ளமோ அவற்றைக் கொண்டுபோகவில்லை. ரங்கூன் சாலையிலிருந்து ஈசூனுக்கும், ஓவன் சாலையிலிருந்து பொங்கோலுக்கும் வீடு மாறியபோது சுமை குறையட்டும் என்று நாமே கழித்துக்கட்டினோம். தாத்தாவின் அறையைக் காலி செய்த நாளில், யாரென்றே தெரியாதவர்களின் படம் எதற்கு என்று பழைய செய்தித்தாளோடு சேர்த்து, பழைய பொருள் வாங்கும் காராங்குனிக்காரரிடம் கொடுத்தோம். போட மனம் வராதவற்றை பிஸ்கட் டின்னில் அடைத்து, வீட்டுக்குள் இருக்கும் பாம் ஷெல்ட்டரில் பயணப் பெட்டிகளுக்குப் பின்னால் தள்ளினோம். அப்படித் தள்ளி வைத்ததையே பத்திரப்படுத்தியதாக நினைத்துக்கொண்டோம்.

சுங்கை ரோட்டில் 2017 ஜூலையில் மூடப்படும் வரை நடந்த பழைய பொருள் சந்தையில், கடிகாரங்களுக்கும் நாணயங்களுக்கும் நடுவே பழைய நிழற்படங்களும் விலைபோயின. அவை யாரோ ஒருவர் வீட்டு அலமாரியிலிருந்து இறங்கி வந்தவை. அந்தச் சந்தையைத் தாண்டித்தான் நம்மில் பலர் நடந்து போனோம். குனிந்து பார்த்தவர்கள் குறைவு.

டின்னில் மிஞ்சியிருப்பவை எல்லாம் ஒரே வகை அல்ல. ஓரம் நெளிநெளியாக வெட்டிய கறுப்பு வெள்ளைப் படங்கள் இருக்கும். ஆறு ஆறாக நறுக்கி மெழுகுத்தாள் உறையில் செருகிய 35 மி.மீ. நெகட்டிவ்கள் இருக்கும். மலேசியப் பயணத்தையும் தைப்பூசத்தையும் பிடித்து அட்டைச் சட்டத்தில் பொருத்திய ஸ்லைடுகள் இருக்கும். 1970களிலும் 80களிலும் எடுத்து, இப்போது செக்கச் சிவந்துவிட்ட கலர்ப் படங்கள் இருக்கும். ஒட்டும் பசைப் பக்கத்தின் மேல் பிளாஸ்டிக் தாளை இழுத்து மூடும் ஆல்பங்களும் இருக்கும். ஒவ்வொன்றும் தனித்தனி விதமாக அழிகிறது. அந்த விதங்களைத் தெரிந்துகொள்ள நாம் மெனக்கெடவே இல்லை.

நெகட்டிவும் ஸ்லைடும் பெரும்பாலும் செல்லுலோஸ் அசிட்டேட் என்ற பொருளால் ஆனவை. ‘சேஃப்டி ஃபிலிம்’ என்று ஓரத்தில் அச்சிட்டிருப்பது இதைத்தான். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அசிட்டேட் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை விடும். டின்னைத் திறந்ததும் மூக்கில் ஏறும் புளித்த வினிகர் வாடை அதுதான். வெளிவந்த அமிலமே சிதைவை மேலும் முடுக்கிவிடும்; பக்கத்து உறையில் இருக்கும் நல்ல ஃபிலிமையும் அது தொற்றும். பிறகு ஃபிலிம் சுருங்கி, வளைந்து, மேல்பூச்சு வரிவரியாகக் கிளம்பும். 21 டிகிரி வெப்பத்திலும் 50 விழுக்காடு ஈரப்பதத்திலும் வைத்தாலே புதிய அசிட்டேட் ஃபிலிமுக்கு நாற்பது, ஐம்பது ஆண்டில் இந்தச் சிதைவு தொடங்கிவிடும் என்கிறது அமெரிக்காவின் ராசெஸ்டரில் இருக்கும் இமேஜ் பெர்மனன்ஸ் இன்ஸ்டிடியூட். சிங்கப்பூரின் சராசரி வெப்பம் 27 டிகிரிக்கு மேல். ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும். நம் பாம் ஷெல்ட்டருக்குக் கனத்த இரும்புக் கதவு உண்டு, சன்னல் இல்லை. அங்கே வைத்த ஃபிலிமுக்கு எவ்வளவு ஆயுள் இருக்கும் என்று நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கலர்ப் படம் சிவந்துபோவதற்கும் காரணம் இருக்கிறது. கலர்ப் படத்தில் மூன்று சாய அடுக்குகள் உண்டு. அக்காலத்துத் தாள்களிலும் ஃபிலிம்களிலும் நீலப்பச்சைச் சாயம் இருட்டில் வைத்தாலும் முதலில் மங்கிவிடும். அது மங்கியதும் அத்தையின் பச்சைப் பட்டு பழுப்பாகும். மற்றவை எல்லாம் சிவப்பில் மூழ்கும். பூசணத்துக்கு ஃபிலிம் நல்ல தீனி, ஏனென்றால் படத்தைத் தாங்கும் பூச்சு ஜெலட்டினால் ஆனது. பூசணம் தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரைந்துவிடும். இது தெரியாமல், வெள்ளை நூல்போலப் படர்ந்ததை ஈரத்துணியால் துடைத்த வீடுகளில் பூசணத்தோடு முகமும் போனது. பசைப் பக்க ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தை நகத்தால் நெம்பி இரண்டாகக் கிழித்ததும் நாமே. சட்டம் போட்ட கல்யாணப் படம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டபோது பிய்த்தெடுத்ததும் நாமே.

கேட்டால் நம்மிடம் காரணங்கள் தயாராக இருந்தன. வேலை இருக்கிறது, பிள்ளைகளுக்குத் தேர்வு இருக்கிறது என்றோம். ஓய்வு பெற்றதும் பார்த்துக்கொள்ளலாம் என்றோம். அரசாங்கம் எல்லாவற்றையும் பாதுகாக்கிறது என்று சொல்லிக்கொண்டோம். சிங்கப்பூர் தேசிய ஆவணக்காப்பகம் 1968இல் தொடங்கியது. வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979இல் வந்தது. தமிழ் முரசின் பழைய இதழ்களைத் தேசிய நூலக வாரியத்தின் மின்தளத்தில் வீட்டிலிருந்தே புரட்டலாம். 2015 முதல் கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் நிற்கிறது. இவை நம் பெருமைக்குரியவை. ஆனால் அமைச்சர் வந்த விழாவுக்கு அரசாங்கப் படக்காரர் வருவார். பெரியம்மா பொங்கலுக்கு வாசலில் கோலம் போட்டதை எடுக்க எந்த நிறுவனமும் ஆள் அனுப்பவில்லை. அதை எடுத்தவர் இரவல் கேமராவோடு வந்த சித்தப்பா. அந்த நெகட்டிவ் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது இருப்பது நம் டின்னில்.

இந்த மண்ணில் தமிழர் படமாக்கப்பட்ட விதத்தை நினைத்துப் பார்த்தால் நம் தவறு இன்னும் கனக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே ஐரோப்பிய ஸ்டுடியோக்கள் நம் முன்னோரைப் படம் பிடித்து அஞ்சலட்டையாக விற்றன. மாட்டுவண்டிக்காரர், முடிதிருத்துபவர், நகை அணிந்த பெண் என்று வகை பிரித்து, ‘கிளிங்’ என்று இனப்பெயரை மட்டும் கீழே அச்சிட்டார்கள். அந்த மனிதர்களுக்குப் பெயர் இருந்தது. அட்டையில் அது இல்லை. அதற்கு அடுத்த தலைமுறை தன் காசைக் கொடுத்து, சலவை செய்த வேட்டி கட்டி, கடிகாரம் தெரியும்படி கையை வைத்து, ஸ்டுடியோவில் தானே போய் நின்று படம் எடுத்துக்கொண்டது. ஊருக்கு ஒரு பிரதி போனது. தன்னிடம் ஒன்றை வைத்துக்கொண்டது. இனி நான் ஒரு வகை அல்ல, ஒரு மனிதன் என்று சொல்லிக்கொண்ட செயல் அது. அந்தப் படத்தை வாரிசாகப் பெற்ற நாம் அவர் பெயரைக் கேட்டு எழுதி வைக்கவில்லை. அயலார் அன்று செய்ததை நம் வீட்டுக்குள் நாமே செய்துவிட்டோம்.

ஃபேரர் பார்க் திடலையே எடுத்துக்கொள்வோம். 1840களில் குதிரைப் பந்தயத் திடலாகத் தொடங்கிய இடம் இது. ரேஸ்கோர்ஸ் சாலைக்குப் பெயர் வந்ததும் அதனால்தான். 1911 மார்ச் 16ஆம் தேதி சிங்கப்பூர் வானில் முதல் விமானத்தை ஜோசப் கிறிஸ்தியான்ஸ் இங்கிருந்துதான் ஓட்டிக் காட்டினார். 1933இல் பந்தயம் புக்கித் தீமாவுக்குப் போனது. பிரிட்டிஷார் சரணடைந்த இரண்டாம் நாள், 1942 பிப்ரவரி 17 அன்று, 40,000க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் இத்திடலில் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். இந்திய தேசிய இராணுவத்தின் கதை தொடங்கியது அந்தப் பகலில். அடுத்த ஆண்டு சுபாஷ் சந்திர போஸ் வந்ததும் மலாயாவின் தோட்டங்களிலிருந்து தமிழ் இளைஞர்கள் திரண்டார்கள். ஜான்சி ராணிப் படையில் தமிழ்ப் பெண்கள் துப்பாக்கி ஏந்தினார்கள். 1945 ஜூலையில் கடற்கரையோரம் போஸ் அடிக்கல் நாட்டிய இந்திய தேசிய இராணுவ நினைவுச்சின்னத்தை, திரும்பி வந்த பிரிட்டிஷார் செப்டம்பரிலேயே தகர்த்தார்கள். கல்லில் வைத்த நினைவு மூன்று மாதம்கூட நிற்கவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் சீருடை அணிந்த ஒரு மாமாவின் சின்னப் படம், படையில் சேரத் தலைமுடியை வெட்டிக்கொண்ட ஒரு பெண்ணின் படம், எவ்வளவு பெரிய சான்று! அதைப் பார்த்தும் ‘யாரோ போலீஸ் மாமா’ என்று பக்கத்தைப் புரட்டியிருக்கிறோம்.

போருக்குப் பிறகு அதே திடலில் தேர்தல் கூட்டங்கள் நடந்தன. பிள்ளைகள் ஓட்டப் பந்தயம் ஓடினார்கள், பந்து உதைத்தார்கள். 1957இல் திறந்த நீச்சல் குளம் 2003இல் மூடியது; அதே ஆண்டில்தான் ஃபேரர் பார்க் எம்ஆர்டி நிலையம் திறந்தது. 2021இல் திடலுக்குப் புதுத் திட்டம் அறிவித்தார்கள்: சுமார் 1,600 வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகள் வரும், பழைய குத்துச்சண்டைக் கட்டடம் நிற்கும் என்றார்கள். வீடு தேவை, அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தக் குளத்தின் படிக்கட்டில் ஈரத் தலையோடு நின்ற அண்ணன் தம்பிகளின் படம் எந்த வீட்டில் இருக்கிறது என்று நமக்குள் நாம் ஒருமுறையாவது கேட்டுக்கொண்டோமா?

பள்ளிக்கூடங்களின் நிலையும் இதுதான். கடையநல்லூர் மக்கள் முயன்று வளர்த்த உமறுப் புலவர் தமிழ்ப்பள்ளி 1960இல் உயர்நிலைப் பள்ளியானது, 1982இல் மூடியது. அதோடு இந்நாட்டில் தமிழ்வழி உயர்நிலைக் கல்வியே முடிந்தது. அப்பெயரைச் சுமக்கும் தமிழ்மொழி நிலையம் இன்று பீட்டி சாலையில், நம் எம்ஆர்டியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. அந்தக் காலத் தமிழ்ப்பள்ளிகளின் வகுப்புப் படங்கள் பல வீடுகளில் உண்டு. நடுவில் ஆசிரியர், முன்வரிசையில் முழங்காலைக் கட்டி உட்கார்ந்த சிறுவர்கள், ஒருவர் மடியில் ஆண்டு எழுதிய பலகை. பள்ளியின் பெயர் இருக்கும், ஆண்டு இருக்கும். பிள்ளைகளின் பெயர் இருக்காது. மூடிய பள்ளிக்கு இனிப் புதுப் படம் வரப்போவதில்லை. இருக்கும் படத்துக்குப் பெயர் சேர்க்க வேண்டியவர்கள் அன்று முழங்காலைக் கட்டி உட்கார்ந்திருந்தவர்கள்தான். அவர்களில் பலருக்கு இப்போது எழுபதுக்கு மேல்.

சிலர் விழித்துக்கொண்டு ஸ்கேனர் வாங்கினோம். அங்கேயும் தவறினோம். பிரின்டரோடு சேர்ந்து வரும் ஸ்கேனரில் நெகட்டிவை வைத்துப் பார்த்துவிட்டு, கறுப்பாக வருகிறது, கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டினோம். நெகட்டிவுக்கும் ஸ்லைடுக்கும் ஒளி ஊடுருவிப் போக வேண்டும். மூடியிலேயே விளக்கு உள்ள எப்சன் வி600 போன்ற ஸ்கேனரோ, ஃபிலிமுக்கென்றே செய்த பிளஸ்டெக் போன்ற கருவியோதான் அதற்குப் பயன்படும். 35 மி.மீ. சட்டம் ஒன்று 36க்கு 24 மி.மீ. மட்டுமே. அதை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியில், எடுத்தால் தபால்தலை அளவுக்குத்தான் விவரம் கிடைக்கும். 2400 டிபிஐயில் எடுத்தால் ஏறக்குறைய 77 லட்சம் புள்ளிகள் கிடைக்கும்; பின்னால் நிற்பவரின் முகமும் தெளியும். அச்சிட்ட படத்துக்கு 600 டிபிஐ வைத்தால் சின்னப் படத்தையும் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

தூசியையும் கீறலையும் அகச்சிவப்பு ஒளியால் கண்டுபிடித்து நீக்கும் வசதி கலர் நெகட்டிவில் நன்றாக வேலை செய்கிறது. கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படமே வெள்ளித் துகளால் ஆனதால், கருவி அதையும் தூசி என்று எடுத்துக்கொள்ளும். மீசையும் பொட்டும் மழுங்கிப்போகும். கோடாக்குரோம் ஸ்லைடிலும் இதே தொல்லை உண்டு. இவற்றுக்கு அவ்வசதியை அணைத்துவிட்டு, ஊதுகுமிழால் தூசியை ஊதிவிட்டு எடுக்க வேண்டும். கண்ணாடியில் ஒட்டிய படத்தைக் கண்ணாடியோடு வைத்தே ஸ்கேன் செய்யலாம். இவை எல்லாம் ஒரு மாலை உட்கார்ந்தால் கற்றுக்கொள்ளக் கூடியவை. கற்றுக்கொள்ளாமல், வந்தது போதும் என்று இருந்தோம்.

எடுத்ததை என்ன செய்தோம்? வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். அது வழக்கமாகப் படத்தைச் சுருக்கியே அனுப்பும். சுருங்கிய பிரதி நாற்பது கைப்பேசிக்குப் போனது. முழுப் பிரதி பழைய மடிக்கணினியோடு செத்தது. கோப்புக்குக் கருவி வைத்த எண்ணையே பெயராக விட்டோம். தாத்தாவின் முகத்தை அழகுபடுத்தும் செயலியில் ஏற்றி, சுருக்கத்தை நீக்கி, இல்லாத நிறத்தைப் பூசி, அதையே அசல் என்று பேரப்பிள்ளைகளுக்குக் காட்டினோம். ஸ்கேன் ஆகிவிட்டதே என்று சிலர் நெகட்டிவைத் தூக்கியும் போட்டோம். கணினிக் கோப்பு சில ஆண்டில் திறக்காமல் போகலாம். நல்ல உறையில், சிலிக்கா ஜெல் போட்ட உலர்பெட்டியில் வைத்த நெகட்டிவோ இன்னொரு தலைமுறைக்கு நிற்கும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு ஒன்று உண்டு. படத்தின் பின்புறத்தை ஸ்கேன் செய்யவில்லை. அதைப் பார்க்கக்கூட இல்லை. ஸ்டுடியோ முத்திரை அங்கேதான் இருக்கும். நீல மையில் மாமாவின் கையெழுத்தும் அங்கேதான் இருக்கும். முத்திரையில் முகவரி ‘சிங்கப்பூர் 8’ என்று முடிந்தால் அது வட்டார எண் மட்டுமே வழங்கிய காலத்தது. 1979இல் நான்கு இலக்க அஞ்சல் குறியீடு வந்தது, 1995 செப்டம்பரில் ஆறு இலக்கம் வந்தது. முத்திரை அடித்த காலத்தை இப்படி ஓரளவு கணிக்கலாம். படத்துக்குள்ளும் சாட்சிகள் உண்டு. சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலின் ஐந்து நிலை ராஜகோபுரம், பி. கோவிந்தசாமி பிள்ளையின் கொடையில் 1970களில் எழுந்தது. அக்கோயில் வாசலில் நிற்கும் காவடிக்குப் பின்னால் கோபுரம் இல்லையென்றால் படம் அதற்கு முந்தியது. பழைய தேக்கா சந்தை, இப்போது தேக்கா பிளேஸ் நிற்கும் பக்கத்தில் இருந்தது. எதிர்ப்புறப் புதிய கட்டடத்துக்கு 1982இல் மாறியது. சந்தை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தாலே காலம் பிடிபடும். நம் தெருவை நம்மைவிட நன்றாக யார் படிக்க முடியும்? நாம் படிக்கவில்லை.

ஆண்டைக் கட்டடம் சொல்லிவிடும். பெயரை மனிதர்தான் சொல்ல வேண்டும். ஓவன் சாலையில் ஒரு வீட்டில் சாப்பாட்டு மேசையில் ஸ்கேனரை வைத்து, கறுப்பு வெள்ளை நெகட்டிவ் ஒன்றைத் திரையில் பெரிதாக்கினோம். கோயில் மண்டபத் தூணருகே நான்கு பெண்கள் நிற்கும் படம். எண்பதைத் தாண்டிய பாட்டி கண்ணாடியைத் துடைத்துவிட்டு நெடுநேரம் பார்த்தார். முகங்கள் அவருக்குப் பிடிபடவில்லை. பிறகு இடப்பக்கம் நின்ற பெண்ணின் சேலைக் கரையில் விரலை வைத்தார்.

“இது என் சேலைம்மா. ஊருல இருந்து எங்க அம்மா குடுத்தனுப்பினது.”

“அப்ப இது நீங்களா பாட்டி?”

“நான் இல்ல. நான்தான் இரவல் குடுத்தேன். அவளைப் பொண்ணு பார்க்க வர்றாங்கன்னு கேட்டு வாங்கிட்டுப் போனா.”

சேலையிலிருந்து அந்தப் பெண்ணின் பெயர் வந்தது. அவர் கணவர் துறைமுகத்தில் செய்த வேலை வந்தது. பக்கத்தில் நின்றவர் அவருடைய நாத்தனார் என்பதும், மூன்றாமவர் எதிர்வீட்டு மலாய்க்காரர் வீட்டில் தையல் கற்றவர் என்பதும் வந்தன. நான்காமவர் பெயரை எவ்வளவு யோசித்தும் பாட்டியால் சொல்ல முடியவில்லை. “என் தங்கச்சிக்குத் தெரியும், அவ போயிட்டா” என்றார். தங்கை காலமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஸ்கேனர் அலமாரியில் வெகுநாளாகச் சும்மா இருந்தது. அந்த வீட்டில் யாரும் எதுவும் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது?

நாம் வேலையைத் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோம் என்பது இதிலிருந்து புரிய வேண்டும். எல்லாப் படங்களையும் முதலில் ஸ்கேன் செய்வோம், பிறகு சரி செய்வோம், பிறகு அடுக்குவோம், கடைசியில் பெரியவர்களிடம் காட்டிக் கேட்போம் என்று திட்டம் போடுகிறோம். கடைசிப் படிக்கு வரும்போது கேட்க ஆள் இருப்பதில்லை. வினிகர் வாடை வரும் ஃபிலிமைத் தவிர மற்றவை உலர்பெட்டியில் சில ஆண்டு பொறுக்கும். எண்பத்தைந்து வயது நினைவு பொறுக்காது. ஆகவே முதலில் பெயர், பிறகு ஸ்கேன். கைப்பேசியில் ஓர் அவசரப் படம் எடுத்தாலும் போதும். அதைப் பெரிதாக்கிக் காட்டி, பக்கத்தில் குரல்பதிவை ஓட விட்டுப் பெயரைக் கேட்டுவிட வேண்டும். தரமான ஸ்கேன் அடுத்த மாதம் நடக்கட்டும்.

கேட்ட வீடுகளிலும் நாம் கேட்ட விதத்தில் குறை இருந்தது. ஆண்களின் பெயரைக் கேட்டோம். பெண்களை ‘அவர் சம்சாரம்’, ‘பெரிய வீட்டு அத்தை’ என்று உறவாலேயே எழுதினோம். உறவு சொல்பவரோடு போய்விடும், பெயர் நிற்கும். கல்யாணப் படத்தை மதித்தோம். அடுப்படியில் மாவு ஆட்டும் படம், வேலை முடிந்து கடைவீட்டு ஐந்தடி நடைபாதையில் பாய் விரித்துப் படுத்தவர்களின் படம், தகரக் கூரைக்கடியில் முடி வெட்டும் படம் ஆகியவற்றைக் கழித்துவிட்டோம். இங்கே குடும்பம் இல்லாமல் தனியாளாக உழைத்துச் செத்தவர்கள் எத்தனையோ பேர் நம் ஆல்பங்களின் ஓரத்தில் நிற்கிறார்கள். அவர்களுக்கு இந்நாட்டில் வேறு ஆல்பம் கிடையாது. அந்தப் படத்தை நாம் போட்டுவிட்டால் அவர்கள் இங்கே வாழ்ந்ததற்கு முகமே இல்லாமல் போகும்.

செய்ய முடியாத வேலை அல்ல இது. தமிழ்நாட்டில் ஸ்டுடியோக்கள் ஒவ்வொன்றாக மூடியபோது, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் ஸோயி ஹெட்லி தலைமையில் ஒரு குழு ஊர் ஊராகப் போய்ப் பழைய ஸ்டுடியோ படங்களையும் கண்ணாடித் தட்டு நெகட்டிவ்களையும் தேடி எடுத்தது. பிரிட்டிஷ் நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்களுக்கான திட்டம் அதற்கு நிதி தந்தது. இலங்கையில் 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த வடுவைச் சுமந்த சமூகம், நூலகம் நிறுவனத்தின் வழி தன் நூல்களையும் இதழ்களையும் ஆவணங்களையும் ஸ்கேன் செய்து உலகுக்குத் திறந்து வைத்திருக்கிறது. நம் சிங்கப்பூரிலேயே அருண் மகிழ்நன் தலைமையில் தொண்டூழியர்கள் கூடி, 1965 முதல் வெளிவந்த தமிழ் இலக்கிய நூல்களில் முந்நூறுக்கும் மேற்பட்டவற்றை மின்வடிவாக்கி 2015 ஆகஸ்டில் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைத்தார்கள். எழுத்துப்பிழை பார்க்க மட்டும் எத்தனை பேர் இரவு கண்விழித்தார்கள்! நூலுக்குச் செய்ய முடிந்தவர்கள் முகத்துக்கும் செய்ய முடியும். ஆவணக்காப்பகமும் 2015 முதல் குடிமக்கள் ஆவணப்பணித் திட்டத்தின் வழி, விவரமில்லாத படங்களுக்கு விவரம் தரும்படி பொதுமக்களை அழைக்கிறது. அங்கே உள்ள தைப்பூசப் படங்களில் நம் உறவினர் நிற்கலாம். தேடிப் பார்த்துப் பெயர் சொல்வது நம் கடமை.

ஆகவே இந்தச் சுயவிமர்சனம் வருத்தத்தோடு நின்றுவிடக் கூடாது. ஒவ்வொரு குடும்பமும் இந்தத் தீபாவளிக்கு முன் டின்னைப் பாம் ஷெல்ட்டரிலிருந்து வெளியே எடுக்கட்டும். வினிகர் வாடை வருவதைத் தனியே பிரித்து, அதை முதலில் ஸ்கேன் செய்யட்டும். மற்றவற்றை மூத்தவரின் முன்னால் மேசையில் பரப்பட்டும். சேலையை, செருப்பை, கடைப்பலகையைக் காட்டிக் கேட்கட்டும். கேட்ட பெயரை, முக்கியமாகப் பெண்களின் முழுப் பெயரை, இடப்பக்கத்திலிருந்து வரிசையாகக் கோப்பிலேயே எழுதட்டும். ஆண்டு, இடம், சொன்னவர் யார் என்பதையும் சேர்க்கட்டும். தெரியாத முகத்துக்கு ‘தெரியவில்லை’ என்றே எழுதட்டும். ஊகித்து எழுதிய தப்பான பெயர் பின்வருபவரைத் திசை திருப்பும். பின்புறத்தையும் ஸ்கேன் செய்யட்டும். முழுக் கோப்பை இரண்டு வன்தட்டில், இரண்டு வீட்டில் வைக்கட்டும். அசலைத் தூக்கிப் போடாமல் இருக்கட்டும்.

ஸ்கேனர் இல்லாதவர்கள் இருப்பார்கள். இருப்பவர் தம் கருவியைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். கோயில் நிர்வாகங்களும் தமிழ் அமைப்புகளும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் ஒரு மேசை தரலாம். உயர்நிலைப் பள்ளி, தொடக்கக் கல்லூரி மாணவர்கள் கருவியை இயக்கலாம். பெரியவர்கள் பெயர் சொல்லலாம். அந்த ஞாயிற்றுக்கிழமை ரேஸ்கோர்ஸ் சாலையில் கூடும், ஊரிலிருந்து வேலைக்கு வந்த தம்பிகளையும் அழைக்க வேண்டும். அவர்களுடைய தாத்தாக்கள் சிலர் இங்கே உழைத்தவர்கள். ஊர்ப் பெட்டியில் சிங்கப்பூர் ஸ்டுடியோ முத்திரை குத்திய படம் இருக்கக்கூடும். இங்கே நாம் தொலைத்த பிரதி அங்கே பிழைத்திருக்கலாம்.

போனவற்றை மீட்க முடியாது. அதற்கு நாம் பொறுப்பு. அப்பொறுப்பை நம் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். இருப்பவற்றுக்கு இன்னும் காலம் இருக்கிறது. உங்கள் குடும்பத்தில் மிக மூத்தவர் யார் என்று இப்போதே யோசித்து, அவரை இந்த வாரம் எந்த நாளில் பார்க்கலாம் என்று கேட்டுத் தொலைபேசியில் அழையுங்கள். ஆல்பத்தை எடுத்துக்கொண்டு போங்கள்.